கடைசி மூட்டை யூரியா

பெல்ஜியத்திலோ நெதர்லாந்திலோ ஃபிரெஞ்சு ஃபிரை தொழிற்சாலையின் வாசலில் உருளைக்கிழங்கு லாரி வந்து நின்றால், கிழங்கை இரண்டு முறை நிறுப்பார்கள். முதல் முறை எல்லா ஊரிலும் நிறுப்பது போலத்தான். இரண்டாவது முறை, லாரியிலிருந்து எடுத்த 5 கிலோ மாதிரியைக் கழுவிக் கம்பிக்கூடையில் போட்டு, தொட்டித் தண்ணீருக்குள் முழுக இறக்கி, நீருக்குள் இருக்கும்போதே நிறுப்பார்கள். கரையில் 5 கிலோ இருந்த கிழங்கு நீருக்குள் 360 கிராம் அளவில் காட்டினால் நல்ல சரக்கு. அதிலிருந்து இறங்க இறங்க விலையும் இறங்கும்.

மேட்டுப்பாளையம் மண்டியில் கிழங்கு எடுக்கும் வியாபாரி தோலைப் பார்ப்பார், பருமனைப் பார்ப்பார், மூட்டையில் கை விட்டு அடியில் என்ன இருக்கிறது என்று துழாவிப் பார்ப்பார். தண்ணீரில் போட்டு நிறுக்க மாட்டார். குழம்புக்குப் போகும் கிழங்குக்கு அது தேவையும் இல்லை. எண்ணெயில் விழப்போகும் கிழங்குக்குத்தான் அந்தத் தராசு. தழைச்சத்து என்னும் நைட்ரஜன் உரத்தைப் பற்றிய சண்டை முழுவதும் அந்தத் தராசைச் சுற்றியே நடந்துவருகிறது.

காரணம் எளிது. உருளைக்கிழங்கில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். மிச்சமிருக்கும் திடப்பொருளில் பெரும்பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்து நீரைவிட அடர்த்தியானது என்பதால், மாவு கூடக் கூடக் கிழங்கின் ஒப்படர்த்தியும் கூடும். ஒப்படர்த்தி 1.080 என்றால் திடப்பொருள் ஏறத்தாழ 20 சதவீதம் என்று கொள்ளலாம். சிப்ஸுக்கும் ஃபிரெஞ்சு ஃபிரைக்கும் ஆலைகள் எதிர்பார்க்கும் எல்லைக்கோடு அந்த இடத்தில்தான் ஓடுகிறது. 18 சதவீதத் திடப்பொருள் உள்ள ஒரு டன் கிழங்கில் 820 கிலோ தண்ணீர். 22 சதவீதம் உள்ளதில் 780. அந்த 40 கிலோ வித்தியாசத்தைக் கொதிக்கும் எண்ணெயில் ஆவியாக்கும் செலவு ஆலையுடையது. தண்ணீர் வெளியேறிய இடத்தில் எண்ணெய் ஏறிக்கொள்வதால் எண்ணெய்ச் செலவும் சேரும். இதற்கு மேல் தின்பவருக்கு வாயில் மொறுமொறுப்பும் இருக்காது.

தழைச்சத்து இட்டால் விளைச்சல் கூடும், தரம் குறையும் என்று வேளாண் கையேடுகள் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அரை நூற்றாண்டாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் நடந்த வயல் ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் படித்தால் அந்த வாக்கியம் பாதிதான் உண்மை என்று தெரியும். எவ்வளவு இட்டோம் என்பதைவிட எப்போது நிறுத்தினோம் என்பதே தரத்தை முடிவு செய்கிறது. எப்போது நிறுத்துவது என்பதையோ, கிழங்கை எதற்காக யார் விலை கொடுத்து வாங்குகிறார்கள் என்பதே முடிவு செய்கிறது.

செடியிலிருந்து தொடங்குவோம். நட்ட முதல் மாதம் முளைக்கு விதைக்கிழங்கே தாய். மண்ணிலிருந்து அது எடுக்கும் சத்து சொற்பம். கொடி வரிசையை மூடத் தொடங்கும்போது பசி கிளம்பும். கிழங்கு பருக்கும் நாட்களில் நன்றாக வளர்ந்த பயிர் ஒரு நாளைக்கு ஹெக்டேருக்கு 2 முதல் 4 கிலோ வரை தழைச்சத்தை உறிஞ்சும். வேரோ ஆழமில்லாத வேர். பெரும்பகுதி மேல்மண்ணில் ஒரு அடி, ஒன்றரை அடிக்குள்ளேயே கிடக்கும். கோதுமையோ சோளமோ கீழே இறங்கி எடுக்கும் நைட்ரேட்டை உருளைக்கிழங்கு எட்டிப் பிடிக்காது. இட்ட உரத்தில் பாதி செடிக்குள் போய்ச் சேர்ந்தாலே நல்ல கணக்கு என்பார்கள். இந்தப் பயிர் அதிக உரம் கேட்பதற்கும், அதிக உரத்தை வீணடிப்பதற்கும் காரணம் ஒன்றேதான்.

தழைச்சத்து இலையைக் கட்டும். இலை வெயிலைப் பிடிக்கும். பிடித்த வெயில் மாவாகிக் கிழங்கில் இறங்கும். ஆகவே பட்டினி போட்ட பயிரில் உரம் இட்டால் விளைச்சல் செங்குத்தாக ஏறுவதில் யாருக்கும் சந்தேகமில்லை. பிறகு ஏற்றம் தளர்ந்து ஓரிடத்தில் சமதளமாகும். அந்தச் சமதளத்துக்கு அப்பாலும் இலை மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும். கொடி கருகருவென்று தழைத்துப் பாத்தியை மூடிச் சாய்ந்து கிடப்பதைப் பார்க்க விவசாயிக்கு நெஞ்சு குளிரும். மண்ணுக்கு அடியில் நடப்பது வேறு.

அந்த வேறு கதையைத் தெளிவாகக் காட்டியவர்கள் ஜெர்மனியின் ஹோர்ஸ்ட் மார்ஷ்னரும் அவருடைய கூட்டாளிகளும். 1970களில் அவர்கள் உருளைக்கிழங்குச் செடியை மண்ணில்லாமல் சத்துக் கரைசலில் வளர்த்தார்கள். நைட்ரேட் இடைவிடாமல் கிடைத்தவரை செடி தண்டும் இலையுமாக வளர்ந்தது, கிழங்கு பிடிக்கவில்லை. நைட்ரேட்டைச் சில நாட்கள் நிறுத்தியதும் கிழங்கு பிடித்தது. மறுபடி நைட்ரேட்டைத் திறந்துவிட்டதும், பருத்துக்கொண்டிருந்த கிழங்கு பருப்பதை நிறுத்தி, தன் நுனியிலிருந்து மீண்டும் தண்டு நீட்டியது. அந்தத் தண்டின் முனையில் இன்னொரு கிழங்கு. சங்கிலிபோல் கோத்த கிழங்குகள். வயலில் முண்டும் முடிச்சுமாகத் தோண்டியெடுக்கும் கோணல் கிழங்கின் பிறப்பு ரகசியம் இதில் இருக்கிறது. செடிக்குத் தழைச்சத்து வெறும் உணவல்ல, ஒரு செய்தியும்கூட. இன்னும் வளரலாம், சேமிக்க அவசரமில்லை என்பதே அந்தச் செய்தி.

இந்தச் செய்தியின் விலை எல்லா ஊரிலும் ஒன்றல்ல. அமெரிக்காவின் ஐடஹோவிலும் வாஷிங்டன் மாநிலத்தின் கொலம்பியா படுகையிலும் பயிர்க்காலம் நீளம். கோடைப் பகல் 15 மணி நேரம். கிழங்கு பிடிப்பது ஒரு வாரம் தள்ளிப்போனாலும் பிறகு ஈடு கட்ட நாள் இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தின் சராசரியே ஹெக்டேருக்கு 65 டன்னைத் தாண்டுவது அதனால்தான். நம் நாட்டின் குஜராத்தில் கதை வேறு. பனாஸ்காண்டா மாவட்டத்து தீசாவில் நவம்பரில் நட்டு பிப்ரவரி, மார்ச்சில் தோண்டுகிறார்கள். வெயில் ஏறிவிட்டால் பயிர் முடிந்தது. அங்கே தழைச்சத்து மிகுந்து ஒரு வாரம் தள்ளிப்போன கிழங்கு, அந்த ஒரு வாரத்தைத் திரும்பப் பெறவே பெறாது. ஐடஹோ ஆய்வுகளில் வரும் கிலோக் கணக்கை அப்படியே இந்தியச் சமவெளிக்குப் பெயர்க்கிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இனி தரம். முதலில் திடப்பொருள். தழைச்சத்து கூடினால் ஒப்படர்த்தி குறையும் என்ற திசையில் பெரும்பாலான ஆய்வுகள் ஒத்துப்போகின்றன. ஆனால் எவ்வளவு குறையும் என்று பார்த்தால், பரிந்துரைத்த அளவை ஒட்டி ஏற்றினாலும் இறக்கினாலும் மாற்றம் மூன்றாம் தசம இடத்திலேயே தட்டித் தடுமாறுகிறது. ரகமும் வெப்பமும் பாசனமும் அதைவிடப் பெரிதாக அசைக்கின்றன. சாம்பல்சத்தைக் குளோரைடு வடிவில் அதிகம் இட்டாலும் ஒப்படர்த்தி இறங்கும். அதன் பழியும் பல வயல்களில் யூரியாவின் தலையில் விழுந்திருக்கிறது என்பது என் சந்தேகம். தழைச்சத்து உண்மையில் ஒப்படர்த்தியைக் கெடுப்பது அது பின்னால் வரும்போது. அறுவடை நெருங்கும் வேளையில் மேலுரம் கிடைத்த செடி புது இலை விடுகிறது. கிழங்குக்குப் போக வேண்டிய மாவில் ஒரு பங்கு அந்த இலைக்குப் போகிறது. தோண்டும்போது கிழங்கு பெரிதாகத்தான் இருக்கும். முற்றியிருக்காது. தோல் விரல் பட்டால் உரியும்.

முற்றாத கிழங்கின் அடுத்த குற்றம் சர்க்கரை. வாணலியில் கிழங்கு கருகுவது மாவினால் அல்ல; குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் என்ற ஒடுக்கும் சர்க்கரைகளால். 1912இல் ஃபிரான்சின் லூயி காமில் மயார் விளக்கிய வினை இது: சர்க்கரையும் அமினோ அமிலமும் சூட்டில் சேர்ந்து பழுப்பு நிறமும் மணமும் தருகின்றன. சிறிது நடந்தால் பொன்னிறம். மிகுந்தால் கறுப்பும் கசப்பும். சிப்ஸ் கிழங்கில் ஒடுக்கும் சர்க்கரை 100 கிராமுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது சிம்லாவில் உள்ள மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கும் அளவுகோல். அந்த நிலையம் 1998இல் குஃப்ரி சிப்சோனா-1, சிப்சோனா-2 ரகங்களை வெளியிட்டது இந்த அளவுகோலுக்காகவே. அதுவரை இந்தியாவில் சிப்ஸுக்கென்று பிறந்த கிழங்கு ஒன்றுகூட இல்லை. குழம்புக் கிழங்கையே சீவிப் பொரித்துக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் சர்க்கரைக்குப் பயந்து தழைச்சத்தைக் குறைத்துவிடலாமே என்று தோன்றும். இங்கேதான் பாடப்புத்தக வாக்கியம் கவிழ்கிறது. தழைச்சத்துப் பற்றாத பயிரின் இலை சீக்கிரம் மஞ்சளாகி உதிர்கிறது. பட்டினிச் செடியை இலைக்கருகல் பூஞ்சை முந்திக்கொண்டு பிடிக்கிறது. இப்படிப் பருவத்துக்கு முன்பே காய்ந்த கொடியின் கிழங்கில் சர்க்கரை குறைவாக இருக்கும் என்று எந்த உறுதியும் இல்லை, கூடுதலாகவே இருக்கலாம். சர்க்கரை மிகக் குறைவது கிழங்கு தன் வயதுக்கு முழுமையாக முற்றி நிற்கும்போது. தழைச்சத்து அந்த நாளை முன்னும் பின்னும் நகர்த்துகிறது, அவ்வளவே.

இந்தப் பழைய வேளாண் விவாதம் 2002 ஏப்ரலில் பொதுச் சுகாதார விவாதமாகிவிட்டது. அதற்கு வழி வகுத்தது ஒரு சுரங்கப்பாதை. தெற்கு ஸ்வீடனின் ஹாலந்த்சோஸ் மலையைக் குடைந்து ரயில் பாதை போட்டபோது நீர்க்கசிவை அடைக்க அக்ரிலமைடு கலந்த பூச்சைப் பயன்படுத்தினார்கள். 1997இல் அது ஓடையில் கலந்து மீன்கள் செத்தன, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்த ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழகத்தின் மார்கரெட்டா டோர்ன்க்விஸ்டும் அவர் குழுவும், சுரங்கத்தின் பக்கமே போகாதவர்களின் ரத்தத்திலும் அக்ரிலமைடின் தடயத்தைக் கண்டார்கள். எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனவர்கள் கடைசியில் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். மாவுள்ள பண்டங்களை 120 டிகிரிக்கு மேல் பொரித்தாலும் சுட்டாலும் அக்ரிலமைடு உருவாகிறது. புற்றுநோயை உண்டாக்கக் கூடும் என்று விலங்குச் சோதனைகளால் சந்தேகிக்கப்படும் பொருள் இது. மூலப்பொருட்கள் இரண்டு: ஒடுக்கும் சர்க்கரையும், அஸ்பாரஜின் என்ற அமினோ அமிலமும். உருளைக்கிழங்கின் கட்டற்ற அமினோ அமிலங்களில் அளவில் முன்நிற்பது அஸ்பாரஜின்தான்.

அஸ்பாரஜினில் இருப்பது தழைச்சத்து. ஆகவே உரம் கூடினால் அஸ்பாரஜின் கூடும், அக்ரிலமைடும் கூடும் என்று எவரும் ஊகிப்பார்கள். பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழகத்தினர் பிஞ்ச்யே, ராமோஸ், சட்டூர்னா என்ற மூன்று ரகங்களை வெவ்வேறு தழைச்சத்து அளவில் வளர்த்து, 2003இல் அறுவடை செய்து பொரித்துப் பார்த்தார்கள். 2006இல் வெளியான முடிவு நேர் எதிர்: தழைச்சத்தைக் குறைத்தபோது ஒடுக்கும் சர்க்கரை ஏறியது, அதனோடு அக்ரிலமைடும் 30 முதல் 65 சதவீதம் வரை ஏறியது. அஸ்பாரஜின் எப்போதும் தேவைக்கு மேல் கிடப்பதால், வினையின் கடிவாளம் சர்க்கரையிடம் இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். உரத்தைக் குறைத்தால் நஞ்சும் குறையும் என்று எண்ணியிருந்த சுற்றுச்சூழல் தரப்புக்கு இது சங்கடமான செய்தி.

பிறகு இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தில் நைஜல் ஹால்ஃபோர்டின் குழு 13 ரகங்களை எடுத்துக்கொண்டு தழைச்சத்தையும் கந்தகத்தையும் மாற்றி மாற்றி இட்டுப் பார்த்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வில் பெரும்பாலான ரகங்களில் தழைச்சத்து ஏற ஏற அக்ரிலமைடு உருவாகும் தன்மையும் ஏறியது. இரண்டில் மட்டும் இறங்கியது. சிப்ஸ் ரகங்களில் சர்க்கரையே எல்லாவற்றையும் தீர்மானித்தது. ஃபிரெஞ்சு ஃபிரை ரகங்களிலோ சர்க்கரையோடு அஸ்பாரஜினுக்கும் பங்கு இருந்தது. அவற்றில் சிலவற்றில் கந்தகம் சேர்த்து இட்டபோது தழைச்சத்தின் கெடுதல் ஓரளவு தணிந்தது.

இரண்டு ஆய்வுகளும் ஒன்றையொன்று பொய்யாக்கவில்லை என்பது என் வாசிப்பு. 2003 ஐரோப்பாவைச் சுட்டெரித்த கோடை. வெப்பமும் வறட்சியும் சேர்ந்த ஆண்டில் பட்டினிப் பயிர் முன்கூட்டியே மடிந்து சர்க்கரை ஏறியிருக்க வாய்ப்புண்டு. ஒரே ஒரு பருவத்து அறுவடையை வைத்து உர அளவைப் பற்றிப் பொதுவிதி எழுதுவது ஆபத்து. இந்தத் துறையில் அப்படி எழுதப்பட்ட விதிகள் ஏராளம். 2017ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஒன்றிய விதிமுறை ஃபிரெஞ்சு ஃபிரைக்கு ஒரு கிலோவுக்கு 500 மைக்ரோகிராம் அக்ரிலமைடு, சிப்ஸுக்கு 750 என்று வழிகாட்டு அளவு வைத்தது. சர்க்கரை குறைந்த ரகத்தைத் தேர்ந்தெடு, 6 டிகிரிக்கு மேல் சேமித்து வை என்று சொல்கிறது. இன்றைய நிலையில் அது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். முதலில் ரகம், அடுத்து கிடங்கு, அதற்குப் பிறகே உரம். கிடங்கு என்றதும் ஒன்று: குளிர் அதிகமானால் கிழங்கு தன் மாவைச் சர்க்கரையாக்கிக்கொள்ளும். குழம்புக் கிழங்கை 2 முதல் 4 டிகிரியில் அடைத்து வைக்கும் நம் வட இந்தியக் கிடங்குகளில் சிப்ஸ் கிழங்கை வைத்தால், வயலில் எப்படிப் பார்த்துப் பார்த்து உரமிட்டிருந்தாலும் பலனில்லை. அதற்கு 10 முதல் 12 டிகிரி வேண்டும்.

பருமனைப் பற்றி இரண்டு வார்த்தை. தரம் என்று ஒரே சொல்லைச் சொல்கிறோம். சிப்ஸ் ஆலையும் ஃபிரை ஆலையும் அந்தச் சொல்லால் எதிரெதிரான பொருள்களைக் குறிக்கின்றன. சிப்ஸுக்கு வேண்டியது உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கிழங்கு. மிகப் பெரிதானால் துண்டு பாக்கெட்டில் உடையும். ஃபிரைக்கு நீளமும் கனமும் வேண்டும். அமெரிக்க ஆலைகள் 170 கிராமுக்கு மேற்பட்ட கிழங்கின் பங்கைப் பார்த்து ஊக்கத்தொகை தருகின்றன. தழைச்சத்து கிழங்கைப் பெரிதாக்குவது ஒருவருக்கு வரம், மற்றவருக்குத் தலைவலி. அவசரமாகப் பருத்த கிழங்கின் நடுவில் பொந்து விழும் குறை மட்டும் இருவருக்கும் பொது.

எப்போது நிறுத்துவது என்ற கேள்வியை விடாப்பிடியாகத் துரத்தியவர்கள் ஐடஹோக்காரர்கள். அவர்களுக்கு வேறு வழியும் இருக்கவில்லை. அங்கே ஆட்சி செய்தது ரஸ்ஸெட் பர்பாங்க் என்ற பழைய ரகம். நீளம், திடம், ஃபிரைக்கென்றே வார்த்தது போன்ற உருவம். ஐடஹோ தொழிலதிபர் ஜே. ஆர். சிம்ப்ளாட் உறையவைத்த ஃபிரையை 1960களில் மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்குக் கொண்டுபோனதும் இந்தக் கிழங்கை வைத்துத்தான். ஆனால் குணம் முரடு. தண்ணீரோ தழைச்சத்தோ ஒரு வாரம் ஏறி ஒரு வாரம் இறங்கினால் முண்டும் முடிச்சுமாகும். வெயில் தாங்காமல் ஒரு முனையில் சர்க்கரை கட்டிக்கொண்டு, பொரித்த ஃபிரையின் நுனி மட்டும் கறுக்கும். இந்தக் கிழங்குக்கு மொத்தமாக அடியுரம் கொட்டி முடிப்பது ஆகாது என்று கண்டு, மூன்றில் ஒரு பங்கு அளவை முன்னால் இட்டுவிட்டு மிச்சத்தைச் சுழல் பாசனத் தண்ணீரோடு சிறுகச் சிறுகக் கொடுக்கும் முறைக்கு வந்தார்கள்.

எவ்வளவு கொடுப்பது என்று செடியையே கேட்டார்கள். கொடியின் நுனியிலிருந்து எண்ணி நான்காவது இலையைப் பறித்து, இலைப்பரப்பை உருவி எறிந்துவிட்டுக் காம்பை மட்டும் சோதனைக்கூடத்துக்கு அனுப்புவார்கள். கிழங்கு பருக்கத் தொடங்கும் காலத்தில் காம்பில் நைட்ரேட் வடிவத் தழைச்சத்து பத்து லட்சத்தில் 15,000 பங்குக்கு மேல் இருக்க வேண்டும். பருவம் முற்ற முற்ற அது இறங்க வேண்டும். இறங்குவது குறையல்ல, அதுதான் நோக்கம். அறுவடைக்கு முன் கொடியை உலர்த்துவதற்கு 4 முதல் 6 வாரங்கள் முன்பே கடைசித் தவணை முடிந்திருக்க வேண்டும். இலை கொஞ்சம் மஞ்சள் காட்டுவதைப் பொறுத்துக்கொள்ளும் மனம் வேண்டும் என்பதே இந்த முறையின் சாரம். அந்த மனம் எளிதில் வராது.

நெதர்லாந்தில் செடிக்கு முன் மண்ணைக் கேட்கிறார்கள். களிமண் நிலத்துக்கு அவர்களுடைய பழைய சூத்திரம்: ஹெக்டேருக்கு 285 கிலோவிலிருந்து, மேல் 60 சென்டிமீட்டர் மண்ணில் ஏற்கெனவே கிடக்கும் தழைச்சத்தை 1.1ஆல் பெருக்கிக் கழித்துக்கொள். மண்ணில் 50 கிலோ கிடந்தால் இட வேண்டியது 230 கிலோ. எளிமையான சூத்திரம். ஆனால் அதில் ஒரு பண்பாடு இருக்கிறது: உரமிடுவதற்கு முன், இருப்பதைக் கணக்கில் எடுப்பது. இந்த இரு முறைகளையும்விட ரகத்தை மாற்றுவதே அதிகம் சாதித்தது என்றும் சொல்லலாம். ரஸ்ஸெட் பர்பாங்கைவிடக் குறைந்த தழைச்சத்தில் விளையும் ஆல்டூராஸ் வந்தது. கிடங்கில் சர்க்கரை கட்டாத கிளியர்வாட்டர் ரஸ்ஸெட்டை 2016இல் மெக்டொனால்ட்ஸ் ஏற்றுக்கொண்டது.

இப்போது கணக்குக்கு வருவோம். இந்தியாவில் 45 கிலோ யூரியா மூட்டை விவசாயிக்கு 266 ரூபாய் 50 காசு. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம். ஆக இரண்டு மூட்டையில் 41 கிலோ தழைச்சத்து, 533 ரூபாய். கிழங்கு கிலோ 10 ரூபாய்க்குப் போவதாக வைத்துக்கொண்டால், அந்த இரண்டு மூட்டைக்கான காசை எடுக்க ஹெக்டேருக்கு 53 கிலோ கிழங்கு கூடினால் போதும். 30 டன் விளையும் வயலில் 53 கிலோ என்பது கண்ணுக்கே தெரியாத அளவு. விளைச்சல் கோடு சமதளமாகிவிட்டது என்று விஞ்ஞானி சொல்லும் இடத்திலும் விவசாயிக்கு இரண்டு மூட்டை இலாபமாகவே தெரிவதற்கு அறியாமை காரணமல்ல. விலை அப்படி வைக்கப்பட்டிருக்கிறது. சிப்ஸ் கிழங்குக்கு வட இந்தியச் சமவெளியின் பொதுப் பரிந்துரையான 180 கிலோவைவிடக் கூடுதல் தழைச்சத்து பலன் தருகிறது என்று நம் ஆய்வுகளே காட்டும்போது, அவர் கை இன்னும் தாராளமாகும். 2015 முதல் யூரியா முழுவதும் வேப்பெண்ணெய் பூசி வருகிறது. கரைவது சற்று மெதுவாகும், மூட்டையின் எண்ணிக்கையை அது மாற்றாது.

கூடுதல் மூட்டையின் செலவு வேறிடத்தில் எழுதப்படுகிறது. ஒரு டன் கிழங்கோடு வயலை விட்டு வெளியேறும் தழைச்சத்து ஏறத்தாழ மூன்றிலிருந்து மூன்றரை கிலோ. 50 டன் எடுத்தால் 150 முதல் 175 கிலோ. 280 கிலோ இட்டிருந்தால் மிச்சம் 100 கிலோவுக்கு மேல். மணற்பாங்கான நிலத்தில் அந்த மிச்சம் நைட்ரேட்டாகி நீரோடு கீழே போகும். உருளைக்கிழங்குக்குப் பிடித்தது மணல் நிலம் என்பது விதியின் குறும்பு. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து மணல் நிலங்களில் தவணை பிரித்து இடுவதையும் பாலிமர் பூசிய மெதுவாகக் கரையும் யூரியாவையும் வருடக்கணக்கில் ஆராய்ந்திருக்கிறார்கள். விளைச்சல் குறையாமல் கசிவு குறைகிறது என்பது அவற்றின் பொதுவான போக்கு. மழை தப்பிப் பெய்த ஆண்டில் எந்தப் பூச்சும் முழுக் காவல் இல்லை.

ஒரிகான் மாநிலத்தின் கீழ் உமட்டில்லா படுகை 1990இலேயே நிலத்தடி நீர் மாசுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்கே நைட்ரேட் வயலிலிருந்து மட்டும் வரவில்லை. கால்நடைப் பண்ணைகளிலிருந்தும் வந்தது, கிழங்கைக் கழுவிச் சீவி வேகவைக்கும் ஆலைகளின் கழிவுநீரை வயலில் பாய்ச்சியதிலிருந்தும் வந்தது. செடிக்குள் போன தழைச்சத்து கிழங்காகி, ஆலைக்குப் போய், கழிவுநீராகி, அதே மண்ணுக்குத் திரும்பியது. 2022 ஜூனில் அங்குள்ள மாரோ கவுண்டி, குடிநீர்க் கிணறுகளில் நைட்ரேட் மிகுந்துவிட்டதென்று அவசரநிலை அறிவித்தது. முப்பது ஆண்டுகள் தெரிந்தே இருந்த செய்தி.

ஆகவே தழைச்சத்தின் உச்ச அளவு எது என்று கேட்டால், யாருடைய உச்சம் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. எடைக்கு விளைகிற உச்சம் ஒன்று. எடைக்கும் ஒப்படர்த்திக்கும் நிறத்துக்கும் சேர்த்துப் பணம் கிடைக்கும்போது வரும் உச்சம் அதைவிடத் தாழ்ந்த இடத்தில். கிணற்றுத் தண்ணீரையும் கணக்கில் சேர்த்தால் இன்னும் தாழ்ந்த இடத்தில். அமெரிக்க ஒப்பந்தங்களில் ஒப்படர்த்திக்கும் பருமனுக்கும் ஊக்கத்தொகை உண்டு, நுனி கறுத்தால் பிடித்தமும் உண்டு. அதனால்தான் அங்கே இலைக்காம்புச் சோதனைக்கு விவசாயி தன் காசைச் செலவிடுகிறார். கிலோவுக்கு ஒரே விலை, தேறாவிட்டால் நிராகரிப்பு என்று எழுதும் ஒப்பந்தத்தில் கடைசி மூட்டையைத் தவிர்த்தவருக்கு எந்தப் பலனும் இல்லை. நம் ஊர் ஆலைகள் நல்ல கிழங்கு வேண்டும் என்று பயிற்சி முகாம் நடத்துவதைவிட, 1.080க்கு மேல் ஒவ்வொரு படிக்கும் சில பைசா ஏற்றிக் கொடுத்தால் தீசாவின் யூரியாக் கணக்கு ஒரே பருவத்தில் மாறும்.

அதுவரை ஒப்பந்தக் கிழங்கு போடுகிறவர்கள் ஆலையின் தராசுக்குக் காத்திருக்க வேண்டாம். தோண்டுவதற்கு மூன்று வாரம் முன்பு வயலின் நாலு மூலையிலும் நடுவிலும் செடி பிடுங்கி, பொந்து விழாத 50 கிழங்கைக் கழுவி எடுங்கள். 10 லிட்டர் தண்ணீரில் ஒன்றேகால் கிலோ உப்பை முழுதாகக் கரைத்தால் அதன் அடர்த்தி 1.08ஐ ஒட்டி நிற்கும். கிழங்கை ஒவ்வொன்றாக அதில் போட்டு, மூழ்கியது எத்தனை, மிதந்தது எத்தனை என்று எழுதி வையுங்கள். அடுத்த பருவத்தில் கடைசி மேலுரத்தைப் பாதி வயலுக்கு மட்டும் இட்டுவிட்டு, இரண்டு பாதியிலும் தனித்தனியாக எண்ணிப் பாருங்கள்.